சொல்லாமல் விட்டது

நாய்க்குட்டியைக் காப்பாற்றுவது ரொம்பச் சுலபம். மழையில் நனைந்து, காருக்கடியில் நடுங்கிக்கொண்டிருக்கிறது. உங்களுக்கு மனசு கேட்கவில்லை. பழைய துண்டில் சுற்றித் தூக்கி வந்துவிடுகிறீர்கள். அன்றைக்கு ராத்திரி உங்களைப் பற்றி உங்களுக்கே ஒரு நல்ல அபிப்பிராயம் வந்து, நிம்மதியாகத் தூங்குகிறீர்கள். மறுநாள் காலை ஹவுஸ் ஓனர் கதவைத் தட்டும்போதுதான் தர்மசங்கடம் ஆரம்பிக்கிறது.

எனக்கும் அப்படித்தான். வேளச்சேரியில் ஒரு கார்த்திகை மழை. பின்னங்காலைத் தாங்கித் தாங்கி நடந்த பெண் குட்டி. டாக்டர் அதன் பல்லைப் பார்த்து, ‘‘நாலு மாசம் இருக்கும். எலும்பு உடையலை, அடிதான். சரியாகிடும்’’ என்றார். பூச்சி மருந்து கொடுத்து, தடுப்பூசிக்குத் தேதி எழுதித் தந்தார். மனைவி, ‘‘ரெண்டே நாள்’’ என்றாள். ஓனர், ‘‘பத்து நாள் சார், அதுக்கு மேல வேணாம்’’ என்றார். இந்த விஷயத்தில் ஓனர் தாராளம்.

குட்டியைப் படம் பிடித்து, தெரிந்த வாட்ஸ்அப் குழுக்களுக்கெல்லாம் அனுப்பினேன். சிவப்பு இதயங்கள் வந்து குவிந்தன. வீடு ஒன்றும் வரவில்லை. ஃபோன் செய்தவர்களின் முதல் கேள்வி, ‘‘ஆணா, பொட்டையா?’’ இரண்டாவது, ‘‘என்ன ஜாதி சார்?’’ எங்கேயோ கேட்ட கேள்விகளாக இருக்கின்றன, இல்லையா? நாட்டு நாய், அதுவும் பெண் என்றதும் லைன் கட்டாகிவிடும். ‘‘கருத்தடை பண்ணிட்டா ஆணென்ன, பொண்ணென்ன?’’ என்று ஒரே ஒரு நண்பர் சொன்னார். விவரமானவர். ஆனால், அவரும் எடுத்துக்கொள்ளவில்லை.

பத்தாம் நாள் அந்தப் பெரியவர் வந்தார். தாம்பரம் தாண்டித் தனி வீடு. சுற்றிலும் காம்பவுண்டுச் சுவர். மகன், மருமகள், ஐந்து வயசுப் பேரன். கடவுளே அனுப்பி வைத்ததுபோல இருந்தது எனக்கு. ‘‘சாதுதானே சார்?’’ என்று கேட்டார். ‘‘ரொம்ப சாது’’ என்றேன்.

சாதுதான், சாப்பாட்டு வேளை தவிர. தட்டில் சோறு இருக்கும்போது யாராவது கிட்டே போனால் உடம்பு விறைத்துக்கொள்ளும்; உறுமும். ஒரு தடவை என் கையைக் கவ்வ வந்தது. பசியோடு வளர்ந்த குட்டிகள் சிலவற்றுக்கு இந்தப் பழக்கம் உண்டு. கொடுப்பவன் பிடுங்கிக்கொள்வான் என்ற பயம். அதைப் பெரியவரிடம் நான் சொல்லவில்லை. பொய் சொல்லவில்லையே, சொல்லாமல்தானே விட்டேன் என்று மனசு ஒரு வக்கீலை வைத்து வாதாடியது. ஒரு உயிருக்கு வீடு கிடைக்கிறது, இந்தச் சின்ன விஷயமா பெரிசு என்றது.

‘ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு’ என்று வளர்ந்தவர்கள் நாம். அது ‘போய்ச் சொல்லி’ என்று தமிழாசிரியர்கள் சிலர் திருத்துவார்கள். நடைமுறையில் நாம் கடைப்பிடிப்பது பொய்யைத்தான். நல்லது நடக்க வேண்டும் என்று சொல்கிற பொய்க்குக் கணக்கு கிடையாது என்று உள்ளுக்குள் ஒரு நம்பிக்கை. உங்களுக்கும் இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

நாலாம் நாள் ஃபோன் வந்தது. உருண்டு போன பந்தை எடுக்கப் பேரன் தட்டுப் பக்கம் போயிருக்கிறான். சட்டையைக் கவ்விக் கிழித்துவிட்டது. நல்லவேளை, தோலில் பல் படவில்லை. பட்டிருந்தால், அந்தப் பிஞ்சுக்கு ரேபிஸ் ஊசிகளை வரிசையாகப் போட்டாக வேண்டும். சாயங்காலமே பெரியவர் ஆட்டோ பிடித்துக் குட்டியோடு வந்து இறங்கினார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ‘‘முன்னாடியே சொல்லியிருந்தா, அது சாப்பிடுறப்போ பேரனை உள்ள வெச்சிருப்பேனே சார். வேணாம்னா சொல்லியிருப்பேன்?’’ என்று மட்டும் கேட்டார்.

திட்டியிருக்கலாம். ஏனென்றால், நான் அவரை ஏமாற்றியதுகூட அப்புறம்தான். அந்தச் சின்னப் பையனைக் கேட்காமலே பணயம் வைத்திருக்கிறேன். குட்டிக்கும் நல்லது செய்யவில்லை. நாலு நாளைக்கு முன்னால் அது பயந்த நாய். இப்போது ‘கடிக்கிற நாய்’.

இன்னொன்றையும் நினைத்துப் பார்த்தேன். வருகிற வழியில் ஜி.எஸ்.டி. ரோட்டில் எங்கேயாவது அவர் அதை இறக்கிவிட்டிருக்கலாம். எனக்குத் தெரியவே போவதில்லை. அப்படிப் பட்டினி கிடக்க விடுவது 1960-ம் வருஷத்து விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். முதல் தடவைக்கு அந்தச் சட்டம் எழுதி வைத்த அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். அதைவிட ஆட்டோ செலவு ஜாஸ்தி! ஆனாலும், அவர் ஆட்டோ பிடித்தார்.

டெல்லித் தெருநாய் வழக்கில் 2025 ஆகஸ்ட் 22-ம் தேதி உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவில், விருப்பமுள்ளவர்கள் தெருநாயைத் தத்தெடுக்கலாம், ஆனால் அது திரும்பத் தெருவுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது அவர்கள் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறார்கள். சரியான பேச்சு. எடுப்பவர் தலையில் இவ்வளவு பாரம் ஏறுகிறது என்றால், ‘இதுதான் பாரம்’ என்று கொடுப்பவர் முன்கூட்டியே சொல்ல வேண்டாமா?

நாய் என்றதும் சிலர் மகாபாரதத்தின் தர்மரை இழுப்பார்கள். கூடவே வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கத்துக்கு வரமாட்டேன் என்றவர். பெரிய மனசுதான். ஆனால், அவருக்கு வாடகை வீடு இல்லை, ஆபீஸ் இல்லை. எல்லாவற்றையும் துறந்துவிட்டு நடந்தவர். நம்மால் எல்லா நாயையும் வைத்துக்கொள்ள முடியாது. அதனால் இன்னொருவரிடம் ஒப்படைப்பதில் தப்பே இல்லை. எதைச் சொல்லி ஒப்படைக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பெரம்பூரில் தெரிந்த ரிட்டயர்டு டீச்சரம்மா ஒருவர். ‘‘ரெண்டு மாசம் நான் வெச்சுக்கறேன் தம்பி’’ என்றார். இதற்கு ஃபாஸ்டர் என்று பேர். நிரந்தர வீடு கிடைக்கிறவரை வைத்துப் பார்த்துக்கொள்வது. இடம் கிடைக்கிறது என்பது மட்டும் இல்லை. அந்த நாய் உண்மையில் எப்படிப்பட்டது என்பது அங்கேதான் தெரியவரும். பட்டாசுச் சத்தத்துக்கு ஒளிகிறதா, தனியாக விட்டால் அழுகிறதா, பூனையைக் கண்டால் என்ன செய்கிறது... படத்தில் இதெல்லாம் தெரியாது. தட்டு விஷயத்துக்கு அந்தம்மா செய்தது எளிமையான வைத்தியம். அது சாப்பிடும்போது எட்டவே நின்று ஒரு துண்டு கோழிக்கறியைத் தட்டுப் பக்கம் போட்டுவிட்டுப் போய்விடுவார். அது விறைக்காமல் இருந்தால் மறுநாள் ஒரு அடி கிட்டே. தட்டை எடுப்பது, அதட்டுவது எதுவும் கிடையாது. கிட்டே வருகிறவர் பிடுங்க வரவில்லை, கொடுக்க வருகிறார் என்று அதற்குப் புரிய ஆறு வாரம் ஆனது. முழுசாகப் போகவில்லை, முக்கால்வாசி போனது.

இந்தத் தடவை தேடி வந்தவரிடம் ஒரு முழுப் பக்கம் எழுதிக் கொடுத்தேன். ராத்திரி ஷிஃப்ட் பார்க்கிற ஒரு நர்ஸ், அம்மாவோடு இருக்கிறார், வீட்டில் சின்னப் பிள்ளைகள் இல்லை. தட்டு, இடி, குடை பிடித்தவர்களைக் கண்டால் குரைப்பது, செருப்பு என்று எதையும் விடவில்லை. மூன்று நாள் பயப்படும், மூன்று வாரத்தில் பழகும், மூன்று மாதம் ஆகும் வீட்டு மனுஷியாக என்று நாய் வளர்ப்பவர்கள் சொல்கிற தோராயக் கணக்கையும் எழுதினேன். கடைசி வரியில், ‘எப்போது முடியவில்லை என்றாலும் என்னிடமே கொண்டு வாருங்கள். காரணம் கேட்க மாட்டேன்’ என்று எழுதினேன். அந்த வரியை எழுதத்தான் ரொம்ப நேரமானது.

அந்தப் பெண் நிதானமாகப் படித்தார். ‘‘சாப்பிடும்போது தொந்தரவு பண்ணினா எங்கம்மாவுக்கும் பிடிக்காதுங்க’’ என்று சிரித்தார். எடுத்துப் போனார்.

இப்போது இரண்டு மாசம் ஆகிறது. போன வாரம் பரண் சுத்தம் பண்ணும்போது குட்டியின் அலுமினியத் தட்டு கையில் கிடைத்தது. ‘‘பழைய பேப்பர்காரருக்குப் போட்டுடவா?’’ என்று மனைவி கேட்டாள். இன்னும் ஒரு மாசம் இருக்கட்டும் என்றேன். கழுவித் துடைத்து, மறுபடி மேலே வைத்தது அவள்தான்.