கருணை மதிப்பெண்கள்

ஒரு பாட்டின் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதற்காக அந்தப் பாட்டு நன்றாயிருக்கிறது என்று சொல்லிவிடலாமா? சினிமாவுக்கு வெளியே தமிழில் வந்துகொண்டிருக்கும் புதுப் பாட்டுகளையும் ஆல்பங்களையும் பற்றி எழுதப்படுகிறவற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கேள்விதான் எழுகிறது. மேலோட்டமாகப் பார்த்தால் ரசனை சம்பந்தப்பட்ட கேள்வி போலத் தெரியும். ஆனால் இது தார்மீகக் கேள்வி என்றே நான் நினைக்கிறேன். ஏனெனில் இதற்கு நாம் தரும் பதிலில், பாடுகிறவரை நாம் யாராக மதிக்கிறோம் என்பது தெரிந்துபோகிறது.

சினிமாவே சங்கீதம் என்றிருந்த நமது சூழலில் கடந்த பத்துப் பதினைந்து வருஷங்களில் ஒரு திருப்பம் நேர்ந்திருக்கிறது. 2015இல் சோஃபியா அஷ்ரஃப் கொடைக்கானல் பாதரசக் கழிவைப் பற்றிப் பாடினார். 2017 ஜனவரியில் டி. எம். கிருஷ்ணா, எண்ணூர்க் கழிமுகத்தில் உட்கார்ந்து, கபேர் வாசுகி எழுதிய பொறம்போக்குப் பாடலைப் பாடினார். 2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியது. 2019இல் அறிவும் ஆஃப்ரோவும் 'தெருக்குரல்' ஆல்பத்தைக் கொண்டுவந்தார்கள். 2021 மார்ச்சில் 'என்ஜாய் எஞ்சாமி' வந்தது. இவை எல்லாவற்றையும் பற்றி நிறையவே எழுதப்பட்டிருக்கிறது. எழுதியதில் திரும்பத் திரும்ப வருகிற சொற்கள்: அவசியமான குரல், காலத்தின் தேவை, துணிச்சல். பாட்டு காதுக்கு என்ன செய்தது என்று ஒரு வரி தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. விமர்சனம் செய்யப்படுவது பாட்டின் உத்தேசம்தான். பாட்டு கேட்கப்படாமலே பாராட்டப்படுகிறது.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒரு பாட்டு சாதித்தது வேறு, ஒரு பாட்டு என்னவாக இருக்கிறது என்பது வேறு. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டது. தொழிலாளர்கள் பதினைந்து வருஷம் போராடினார்கள். 2016 மார்ச்சில் நிறுவனம் 591 முன்னாள் தொழிலாளர்களோடு உடன்பாட்டுக்கு வந்தது. அந்த நெடிய போராட்டத்தின் கடைசிக் கட்டத்தில் விஷயத்தை உலகத்தின் காதில் போட்டது சோஃபியா அஷ்ரஃபின் பாட்டு. இதைச் சிறிய காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதன் மெட்டும் தாளமும் நிக்கி மினாஜின் 'அனகோண்டா'விலிருந்து எடுத்தவை. ஏற்கெனவே பிரபலமான பாத்திரத்தில் புதுச் சரக்கை ஊற்றியது. அது அப்படித்தான் செய்ய வேண்டியிருந்தது; அவசரத்துக்குக் கிடைத்த பாத்திரம் போதும். இன்று அந்தப் பாட்டை நான் மறுபடி கேட்பதில்லை. இதைச் சொல்வதால் அந்த 591 பேருக்கு நான் துரோகம் செய்தவனாகிவிட மாட்டேன். ஒரு துண்டுப் பிரசுரம் தன் வேலையை முடித்துவிட்டது என்பது அதற்குப் பெருமைதான்.

பொறம்போக்குப் பாடல் இதிலிருந்து வேறுபட்டது. ஊருக்குப் பொதுவான நிலம் என்ற அர்த்தம் போய் வசையாகிவிட்ட ஒரு சொல்லை அது ஆனந்தபைரவியில் வைக்கிறது. அந்த ராகத்தின் நிதானத்தில் அந்தச் சொல் மெல்ல நிமிர்ந்து தன் பழைய அர்த்தத்தை மீட்டுக்கொள்கிறது. இது சங்கீதத்தால் மட்டுமே முடிகிற காரியம், கட்டுரையால் முடியாது. சென்னைப் பேச்சுத் தமிழுக்கும் சபா ராகத்துக்கும் இடையிலுள்ள உராய்வு பாட்டுக்குள்ளேயே கேட்கிறது. ஆனால் நீர்நிலைகளின் கதையை விளக்க முற்படும் இடங்களில் ராகம் சொல்லுக்குப் பின்னால் வண்டியில் ஏறி வருகிறது, தானாக நடக்கவில்லை. ராகங்கள் மாறுகின்றன; மாற வேண்டிய நிர்ப்பந்தம் எல்லா இடத்திலும் எனக்குக் கேட்கவில்லை.

'காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' பற்றியும் இதே மாதிரி பிரித்தே பேச வேண்டும். அயோத்திதாசரின் 'சாதிபேதமற்ற' என்ற சொல்லிலிருந்து பெயர் எடுத்துக்கொண்ட குழு அது. பா. ரஞ்சித்தின் முன்முயற்சி, டென்மாவின் இசைப் பொறுப்பு. சாவு வீட்டிலும் முட்டுச் சந்திலும் இருந்த கானாவை மின்சாரக் கிட்டாரோடும் ராப்போடும் ஒரே மேடையில் நிறுத்தியது சரித்திர சம்பவம். அந்தச் சம்பவத்துக்கு வெளியே, ஒலிநாடாவாக மட்டும் கேட்கும்போது என்ன ஆகிறது? கானாவின் உயிர் அதன் இழுவையில் இருக்கிறது. தாளத்துக்குச் சற்று முன்னாலோ பின்னாலோ குரல் தள்ளாடி வந்து சேர்வதில் இருக்கிறது. சில பாட்டுகளில் டிரம்ஸின் கறாரான கட்டம் அந்தத் தள்ளாட்டத்தை நேராக்கிவிடுகிறது. இடஒதுக்கீட்டைப் பற்றிய பாட்டில் வாதம் தெளிவாயிருக்கிறது. அந்தத் தெளிவு பாட்டின் வேகத்தைத் தின்றுவிடுகிறது. ஆனால் இசைவாணி பாடத் தொடங்கும்போது கட்டம் விரிசல் விடுகிறது. அந்தக் குரலுக்கு எந்த நியாயத்தின் சிபாரிசும் வேண்டாம்.

இப்படிப் பிரித்துச் சொல்வதுதான் விமர்சனம். இதைச் செய்யாமல் மொத்தமாகப் பாராட்டுகிறவர்கள் தங்களைக் கருணையுள்ளவர்களாக நினைத்துக்கொள்கிறார்கள். நான் ஒரு வங்கிக் குமாஸ்தா. கடனும் தள்ளுபடியும் என் தினசரி உத்தியோகத்தில் அடங்கியவை. தள்ளுபடி தேவைப்படுகிற காலங்கள் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஒருவருக்குக் கடன் கொடுக்கும்போது, அவர் திருப்பிக் கொடுக்க வல்லவர் என்று நாம் ஒப்புக்கொள்கிறோம். விண்ணப்பத்தைப் படிக்காமலே கொடுத்து, கொடுத்த அன்றே வராக்கடன் என்று எழுதி வைத்தால் அது உதவியாக இருக்கலாம், மரியாதையாக இருக்காது. ஒடுக்கப்பட்டவரின் கலைக்குக் கருணை மதிப்பெண் போடுகிற விமர்சகனின் காரியமும் இதுதான். அவன் மனசுக்குள், 'இவரிடம் இதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது' என்ற ஒரு கணக்கு இருக்கிறது. எதிர்ப்பவனுடைய அலட்சியத்தைவிட இது ஆபத்தானது. புன்னகையோடு வருவதால் பதில் சொல்ல முடியாது.

யாருடைய பேரால் இந்தச் சலுகை கொடுக்கப்படுகிறதோ அவர்கள் அதைக் கேட்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். நான் குடியிருப்பது இடையஞ்சாவடியில். ஒரு பக்கம் ஆரோவில். அங்கே எந்த தேசத்து சங்கீதத்தையும் ஏதாவது ஒரு மாலையில் கேட்டுவிடலாம். வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால் மரக்காணத்து உப்பளங்கள். அந்தச் சாலையில் பஸ்ஸில் ஒரு நாள், 'என்ஜாய் எஞ்சாமி' ஒரு பையனின் கைப்பேசியில் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உப்பளத்தில் வேலை பார்க்கும் ஓர் அம்மாள். கிளைக்கு வந்துபோகிறவர், என்னைத் தெரியும். பாட்டு எப்படி என்று கேட்டேன். "நல்லாத்தான் சார் இருக்கு. ஆனா ஒப்பாரின்னா மூச்சு முட்டணும். இதுல மூச்சு வாங்கறதுக்குள்ள ஆட்டம் வந்துடுச்சு" என்றார். அந்தப் பாட்டைப் பற்றி நான் படித்த எதிலும் இவ்வளவு கூர்மையான ஒரு வாக்கியம் இல்லை. அந்தப் பாட்டு நிலமற்றவர்களைப் பற்றியது, அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் தேயிலைத் தோட்ட வாழ்விலிருந்து எழுந்தது என்பதெல்லாம் அந்த அம்மாளுக்குச் சொன்னாலும் அபிப்ராயம் மாறியிருக்காது. ஒப்பாரி என்ற வடிவத்தின் கடப்பாடு என்ன என்று அவருக்குத் தெரியும். துக்கம் கொண்டாட்டமாக மாறுவதில் அவருக்கு ஆட்சேபம் இல்லை. மாறுவதற்கு முன் துக்கத்துக்கு உரிய நேரம் கொடுக்கப்படவில்லை என்பதே ஆட்சேபம். எனக்கோ அந்தத் திடீர் மாற்றம் பாட்டின் பலமாகவே படுகிறது. நானும் அவரும் மாறுபடுகிறோம். ஆனால் இருவரும் பேசுவது பாட்டைப் பற்றி.

இதற்கு ஒரு பலமான மறுப்பு உண்டு. 'தரம், தரம் என்கிறாயே, யாருடைய தரம்? சபாவிலும் ரேடியோவிலும் பழகிய காதுக்குப் பறை சத்தமாகவும் கானா அபஸ்வரமாகவும்தானே கேட்டது? ஆங்கில பி.ஏ.வும் மாதச் சம்பளமும் உள்ள நீ எந்தப் படியை வைத்து அளக்கிறாய்?' கேள்வி நியாயமானது. ஆனால் இது தவறான அளவுகோலுக்கு எதிரான வாதம்; அளப்பதற்கே எதிரானது ஆகாது. உப்பை முழம் போட்டு அளக்கக் கூடாது. அதனால் உப்புக்கு அளவே கிடையாது என்று ஆகிவிடுமா? மண் கலந்ததையும் வெள்ளையானதையும் உப்பளத்தில் ஒரே குவியலாக்கினால் முதலில் கோபப்படுகிறவர் வாரியவர்தான். ஒவ்வொரு வடிவமும் தன் அளவைத் தன்னோடே கொண்டுவருகிறது. அதைக் கற்றுக்கொள்ளும் பொறுப்பு கேட்கிறவனுடையது. கற்றுக்கொள்ளச் சோம்பல்படுகிறவன்தான் ஒன்று அலட்சியம் செய்கிறான், அல்லது மொத்தமாகப் பாராட்டிவிட்டு நகர்கிறான்.

கொள்கை ஆதரவும் கறாரான காதும் ஒன்றாக இருக்க முடியாது என்பதும் பொய். ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற பெயரில் கச்சேரிகளைக் கிண்டலும் கண்டிப்புமாக எழுதிய கல்கிதான் 1940களில் தமிழிசை இயக்கத்தின் பக்கம் நின்று வாதாடினார். இரண்டும் ஒரே மனிதரிடம் இருந்தன. அவருடைய ரசனையோடு நாம் ஒத்துப்போகாமலிருக்கலாம். அந்த சாத்தியம் நமக்கு முன்னால் இருக்கிறது என்பதே முக்கியம்.

சலுகைக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. காரணத்துக்காகப் பாட்டை உயர்த்துகிற பழக்கம், அதே காரணத்துக்காகப் பாட்டைத் தாழ்த்தவும் வழி செய்கிறது. ஈழத் தமிழ்ப் பெற்றோருக்கு லண்டனில் பிறந்த மாதங்கி அருள்பிரகாசம், எம்.ஐ.ஏ., தகப்பனாரின் போராளிப் பெயரையே 2005இல் முதல் ஆல்பத்துக்கு 'அருளர்' என்று சூட்டினார். அடுத்த ஆல்பம் 'கலா' 2007இல் தாயார் பெயரில் வந்தது. அதில் நம்முடைய உறுமி, லண்டன் நடன அரங்கின் அதிர்வுக்குள் புகுந்து அதைத் தன் பக்கம் இழுத்ததை நான் முக்கியமான சிருஷ்டிச் செயலாக மதிக்கிறேன். ஆனால் 2010இல் மூன்றாவது ஆல்பம் வரும் சமயம், நியூயார்க் டைம்ஸ் வாரப் பத்திரிகையில் வந்த நீண்ட கட்டுரையால் ஊரெல்லாம் பேசியது அவர் பேட்டியின்போது என்ன உருளைக்கிழங்கு வறுவல் தின்றார் என்பதை. வசதியாக வாழ்கிறவர் போராட்டம் பேசலாமா என்பது விவாதமாயிற்று. உறுமி யார் காதிலும் விழவில்லை. புகழ்ந்தபோதும் இகழ்ந்தபோதும் அவர் ஒரு நிலைப்பாடாகவே பார்க்கப்பட்டார்.

அமெரிக்காவில் ராபர்ட் கிறிஸ்ட்காவ் 1969 முதல் ஆல்பங்களுக்குப் பள்ளிக்கூட வாத்தியார் போல எழுத்து மதிப்பெண் போட்டு வந்தார். பின்னால் வந்த பிட்ச்ஃபோர்க் தசம புள்ளி வைத்து மார்க் போட்டது. நாள் முழுவதும் தசம புள்ளிகளோடு உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் எனக்கு அந்தத் துல்லியத்தில் நம்பிக்கை இல்லை. ஆனால் அவர்கள் ஒன்றைச் செய்தார்கள்: ஆல்பத்தை முழுக்கக் கேட்டார்கள், அதே பாடகரின் சென்ற ஆல்பத்தோடு ஒப்பிட்டார்கள், சரிவைச் சரிவு என்றார்கள். நாம் மார்க்கை விட்டுவிடலாம்; கேட்பதை எடுத்துக்கொள்ளலாம்.

மொத்தமாகப் பாராட்டுவதால் நேரும் நஷ்டம் அருவமானதன்று. 'என்ஜாய் எஞ்சாமி'யையே எடுத்துக்கொள்வோம். அறிவு, தீ, சந்தோஷ் நாராயணன் என்று மூவர் சேர்ந்த பாட்டு. 2021 ஆகஸ்டில் ரோலிங் ஸ்டோன் இந்தியாவின் அட்டையில் தீயும் ஷான் வின்சென்ட் டி பாலும் இருந்தார்கள், அறிவு இல்லை. பா. ரஞ்சித் பகிரங்கமாகக் கேள்வி எழுப்பினார். 2022 ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அந்தப் பாட்டு ஒலித்தபோதும் மேடையில் அறிவு இல்லை. அதன் பின், எது யாருடைய உழைப்பு என்று அவரும் மற்ற இருவரும் தனித்தனியே அறிக்கை எழுத நேர்ந்தது. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், அந்தப் பாட்டிலிருந்து தங்களில் யாருக்கும் ஒரு காசும் வரவில்லை என்றார். கோடிக்கணக்கான முறை கேட்கப்பட்ட பாட்டின் வரவுப் பக்கத்தில் பூஜ்யம்.

இதற்கு விமர்சகர்கள் காரணமல்ல. ஆனால் அவர்கள் செய்திருக்க வேண்டிய ஒன்று செய்யப்படவில்லை. சொல் எங்கே கனக்கிறது, ஒப்பாரி எந்தத் தொண்டையிலிருந்து வருகிறது, தீயின் குரல் அதை எப்படி வேறு வெளிச்சத்துக்குக் கொண்டுபோகிறது, இரண்டையும் இணைக்கிற ஒலிக்கட்டு எங்கே புத்திசாலித்தனமாக ஒதுங்கி நிற்கிறது என்று 2021இலேயே பிரித்துப் பேசியிருந்தால், மூவரில் ஒருவரை அட்டையிலிருந்து விட்டுவிடுவது இவ்வளவு சுலபமாக இருந்திருக்காது. 'ஒரு எழுச்சி', 'ஒரு குரல்' என்று எல்லோரையும் ஒன்றாக்கிப் புகழும்போது பெயர்கள் கரைந்துவிடுகின்றன. முதலில் கரைவது பலவீனமான இடத்தில் நிற்பவருடைய பெயர்.

அடுத்து வரப்போகும் ஆல்பத்துக்கு நாம் தர வேண்டியது, முதலிலிருந்து கடைசி வரை இரண்டு முறை கேட்பது. எங்கே மனசு நின்றது, எங்கே நழுவியது, அதற்கு யார் பொறுப்பு என்று பெயர் சொல்லி எழுதுவது. பாடியவருக்கு அது பிடிக்காமல் போகலாம். அவர் பதில் எழுதுவார். சலுகை பெற்றவர் பதில் எழுத முடியாது. நன்றி மட்டுமே சொல்ல முடியும்.