வட்டத்துக்கு வெளியே ஒரு தீவன மூட்டை

அக்வாபோனிக்ஸை விளக்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் ஒரு வட்டம் வரைகிறார்கள். மீன், மீனின் கழிவு, பாக்டீரியா, செடி, சுத்தமான தண்ணீர், மறுபடியும் மீன். ஒன்றின் மிச்சம் இன்னொன்றுக்குச் சாப்பாடு. குப்பை என்று எதுவுமே கிடையாது. பார்க்க அவ்வளவு நிறைவாக இருக்கும். எனக்கு அந்த நிறைவின் மேல்தான் சந்தேகம். மென்பொருள் வேலையில் யாராவது போர்டில் இவ்வளவு அழகான வட்டம் வரைந்தால், "இதுல எரர் வந்தா அது யார் தலைல விழும்?" என்று கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் தருகிறார்கள்.

கோவைக்கு வெளியே எங்கள் வீட்டின் பின்பக்கம் கொஞ்சம் இடம் இருக்கிறது. அங்கே இப்படி ஒன்றைக் கட்டத் திட்டம் போட்டுக்கொண்டிருக்கிறேன். ஆயிரம் லிட்டர் தொட்டி, நான்கு சதுர மீட்டருக்குச் சரளைக்கல் படுகை, ஒரு பம்பு. பசுமைக்குடில் என்று பெயர்தானே தவிர, நம் வெயிலுக்குச் சுற்றிலும் பாலித்தீன் போட்டு மூடினால் உள்ளே கீரை வேகத்தான் செய்யும். அதனால் மேலே மழைக்கு மட்டும் ஷீட், பக்கவாட்டில் பச்சை நிழல்வலை. ஊட்டியாக இருந்தால் கணக்கு வேறு.

ஐக்கிய நாடுகள் உணவு வேளாண்மை நிறுவனம் 2014-ல் சிறிய அளவிலான அக்வாபோனிக்ஸுக்கு ஒரு கையேடு வெளியிட்டது. இந்த விஷயத்தில் நான் படித்ததிலேயே நிதானமான எழுத்து அதுதான். கீரை வகைகளுக்கு ஒரு சதுர மீட்டருக்கு ஒரு நாளைக்கு 40 முதல் 50 கிராம் மீன் தீவனம் என்பது அதன் கணக்கு. என் நான்கு சதுர மீட்டருக்கு 200 கிராம் வரை. முதல் தடவை படித்தபோது இந்த எண்ணைச் சாதாரணமாகத்தான் கடந்து போனேன். பிறகுதான் உறைத்தது. மொத்த அமைப்புக்கும் அளவுகோல் மீன் இல்லை, செடி இல்லை, தீவனம். அம்புக்குறிகள் எல்லாம் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்க, இது மட்டும் வெளியே இருந்து வருகிறது. அந்த 200 கிராமில் இருக்கும் நைட்ரஜனில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மீன் உடம்பில் தங்கும். மீதி தண்ணீருக்குப் போய் அம்மோனியாவாகி, பாக்டீரியாக்கள் கைபட்டு நைட்ரைட்டாகி, நைட்ரேட்டாகி, கீரையாகிறது. கீரை சாப்பிடுவது மீனின் கழிவை என்று சொல்வதைவிட, கடையில் வாங்கிய மூட்டையை என்று சொல்வதே நேர்மை. அந்த மூட்டைக்குள் சோயா இருக்கும், பெரும்பாலும் கொஞ்சம் மீன்தூளும். உலகச் சந்தையில் மீன்தூளுக்குப் பேர்போன நாடு பெரு. அங்கே கடலில் பிடிக்கிற நெத்திலி இனத்து மீன்களில் பெரும்பகுதி மனிதன் தட்டுக்குப் போவதில்லை, அரைபடத்தான் போகிறது. ஆக, என் வட்டத்தின் ஒரு ஓரம் பசிபிக் கடலில் இருக்கிறது.

இதைச் சொன்னால் நண்பர்கள் சலித்துக்கொள்கிறார்கள். "எதைத்தாண்டா முழுசா மூட முடியும்?" என்று. நியாயமான கேள்வி. அமெரிக்காவின் அரிசோனாவில் முழுசாக மூடிப் பார்த்தவர்கள் உண்டு. பயோஸ்பியர் 2. மூன்று ஏக்கருக்கு மேல் கண்ணாடிக்குடில். 1991-ல் எட்டுப் பேர் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். உள்ளேயே மீனும் வளர்த்தார்கள். காற்றில் சுமார் 21 சதவீதம் இருக்கவேண்டிய ஆக்சிஜன் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி 14 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது. சத்துக்காக அள்ளிப் போட்ட வளமான மண்ணில் நுண்ணுயிர்கள் ஆக்சிஜனைத் தின்றுகொண்டிருந்தன. அவை வெளியிட்ட கரியமில வாயுவைச் செடிகளுக்கு விடாமல் புதுக் கான்கிரீட் சுவர்கள் உறிஞ்சிக்கொண்டிருந்தன. கடைசியில் வெளியே இருந்து ஆக்சிஜன் ஏற்றினார்கள். இதைத் தோல்விக்கதையாகச் சொல்லிச் சிரிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வரைபடத்தில் வெறும் சுவராக இருந்த ஒன்று உண்மையில் கணக்கில் ஒரு பங்காளி என்பதை எட்டுப் பேர் மூச்சு வாங்கிக்கொண்டு கண்டுபிடித்தார்கள். மலிவான பாடமில்லை அது.

ஆனால் அந்த எட்டுப் பேருக்கும் ஒரு வசதி இருந்தது. மூச்சு முட்டுகிறது என்று வாய்விட்டுச் சொல்ல முடிந்தது.

தொட்டிக்கு வருகிறேன். வெப்பம் ஏற ஏறத் தண்ணீரில் ஆக்சிஜன் கரைவது குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு சுமார் 9 மில்லிகிராம் என்றால், 30 டிகிரியில் ஏழரைதான். மே மாதம், மீன் நெருக்கமாக இருக்கும் தொட்டி, மின்சாரம் போய்ப் பம்பு நிற்கிறது. செடிக்கு ஒன்றும் ஆகாது. சரளையில் ஈரம் இருக்கிறது, ஒரு நாள் தாங்கும். ஈரம் இருக்கும்வரை பாக்டீரியாவும் தாங்கும். மீன் மட்டும் சீக்கிரமே மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். வட்டத்தில் எல்லா அம்புக்குறிகளும் ஒரே தடிமன். ஆனால் முதலில் சாவது யார் என்று பார்த்தால் அதில் சமத்துவம் எதுவும் இல்லை.

அக்வாபோனிக்ஸ் மனிதனை ஒழுக்கமாக்கும் என்று ஒரு வாதம் உண்டு. கீரையில் பூச்சி வந்தால் மருந்து அடிக்க முடியாது, மீன் செத்துவிடும். வேப்பெண்ணெயைக்கூட யோசித்துத்தான் தொடவேண்டும். செய்ததன் விளைவு செய்தவனிடமே திரும்பி வருகிற ஏற்பாடு இது, திறந்த உலகத்தில் அப்படி இல்லையே என்பார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நொய்யல்தான் ஞாபகம் வரும். திருப்பூர் சாயக்கழிவு ஆற்றோடு போய் ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கியது. பாசனத்துக்குக் கட்டிய அணை. அணை நிரம்பினால் சந்தோஷப்பட வேண்டிய விவசாயிகள், ஐயோ திறந்துவிடாதீர்கள் என்று வழக்குப் போட்டார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இன்று ஒரு சொட்டும் வெளியே விடக்கூடாது, சுத்திகரித்த தண்ணீரையே திரும்பப் பயன்படுத்தவேண்டும். அதாவது நீதிமன்றமே ஒரு வட்டம் வரைந்து கொடுத்தது. தண்ணீர் சுற்றுகிறது. அதிலிருந்து பிரித்த கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் கொட்டகைகளில் அடுக்கப்பட்டிருக்கிறது. அதற்கு இன்னும் அம்புக்குறி இல்லை.

அந்த வட்டம் இல்லாமலிருப்பதைவிட இருப்பது ஆயிரம் மடங்கு மேல். மறுக்கவில்லை. நான் மறுப்பது 'செய்தவனிடமே திரும்பி வருகிறது' என்ற பகுதியை. என் தொட்டியில் விளைவு திரும்பி வரத்தான் செய்யும், ஆனால் என்னிடம் இல்லை. நான் சோம்பலாக இருந்தால் மீனுக்கு மூச்சு முட்டும். எனக்குக் கீரை இல்லையென்றால் உழவர் சந்தை இருக்கிறது. நொய்யலில் கீழ்மடை விவசாயி இருந்த இடத்தில் இங்கே மீன் இருக்கிறது. வட்டம் போட்டுவிட்டதால் மேல்மடை கீழ்மடை இல்லாமல் போய்விடுவதில்லை.

கண்மாயில் மீன் சாவதில்லையா? சாகும். சிவகங்கைப் பக்கம் தண்ணீர் வற்றும் காலத்தில் ஊரே ஊத்தாவும் கச்சாவும் எடுத்துக்கொண்டு இறங்கி மீன்பிடித் திருவிழா நடத்துகிறது. அதைப் பார்த்து எனக்கு ஒரு உறுத்தலும் வந்ததில்லை. அந்த மீனுக்குக் கண்மாய் முழுக்க இருந்தது. நிழல் தேடிப் போகலாம், சேற்றில் புதையலாம், தப்பலாம். அதன் உலகத்தை யாரும் டிசைன் செய்யவில்லை. என் தொட்டியில் வெளிச்சம், வெப்பம், காற்று, சாப்பாடு, கூட்டம் எல்லாம் என் ஸ்ப்ரெட்ஷீட்டில் இருக்கும் எண்கள். ஒரு உயிரின் மொத்த உலகமாகவும் நான் ஆகிவிட்டால், கண்மாய் மீனுக்கு நான் படாத கடன் இதற்குப் பட்டுவிடுகிறேன் என்றுதான் தோன்றுகிறது.

இங்கே மீனுக்கு வலிக்குமா என்ற கேள்வியைத் தவிர்க்க முடியாது. 2003-ல் லின் ஸ்னெடனும் சகாக்களும் டிரவுட் மீன்களின் உதட்டில் தேனீ விஷத்தையும் அசிட்டிக் அமிலத்தையும் செலுத்திப் பார்த்தார்கள். மீன்கள் நெடுநேரம் தீனி எடுக்கவில்லை. அமிலம் பட்டவை உதட்டைக் கூழாங்கல்லில் தேய்த்தன. 2016-ல் பிரையன் கீ என்ற நரம்பியலாளர், வலியை உணரத் தேவையான மூளைக் கட்டமைப்பே மீனுக்கு இல்லை என்று விரிவாக எழுதினார். ஏராளமானோர் அதற்கு மறுப்பு எழுதினார்கள். சண்டை முடியவில்லை. முடியும்வரை நான் காத்திருக்கத் தேவையில்லை. எல்லா முடிவுகளுக்கும் அந்தப் பதில் அவசியமில்லை.

உதாரணத்துக்கு, தொடக்கம். புதுத் தொட்டியில் பாக்டீரியா இருக்காது. அது பெருக அம்மோனியா வேண்டும். பத்து ரூபாய் மீன் நாலைந்தை விடுங்கள், அது கழியும், செத்தாலும் பரவாயில்லை, அமைப்பு ஓட ஆரம்பித்ததும் நல்ல மீன் விடலாம் என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். பலி கொடுத்து வீடு குடிபோவது மாதிரி. மீனே இல்லாமலும் செய்யலாம். அம்மோனியம் குளோரைடு, நம் ஊர் நவச்சாரம்தான், சுத்தமானதாக வாங்கி அளந்து போட்டு நான்கிலிருந்து ஆறு வாரம் காத்திருந்தால் ஆயிற்று. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யத்துக்கு வந்தபின் மீன் விட்டால் போதும். இங்கே ஸ்னெடன் சரியா கீ சரியா என்று தீர்ப்பு எழுதவேண்டியதில்லை. ஸ்னெடன் சரியாக இருந்து நான் மீன் விட்டிருந்தால் அந்த மீன்கள் செவுள் எரிந்து செத்திருக்கும். கீ சரியாக இருந்து நான் விடாமல் இருந்தால் எனக்கு நஷ்டம் ஐந்து வாரம்.

எந்த மீன் என்பது இவ்வளவு சுலபமாக இல்லை. ஜிலேபி எதையும் தாங்கும். 1952-ல் இந்தியாவுக்குள் கொண்டுவந்து, குளம் குளமாகப் பரவி, நாட்டு மீன்களைத் தள்ளிவிட்ட இனம். புதிய ரகமான கிஃப்ட் திலாப்பியா வளர்க்க அனுமதி வாங்கவேண்டும். விரால் என் பொறியாளர் மனசுக்குப் பிடித்தது. மேலே வந்து காற்றையே சுவாசிக்கும், கரண்ட் போனாலும் தாங்கும். ஆனால் அது மீன் தின்னி. புரதம் கூடுதலான தீவனம் கேட்கும், மீன்தூளும் கூடும். என் தொட்டியில் ஆபத்தைக் குறைக்க, நான் பார்க்காத கடலில் இன்னும் கொஞ்சம் மீன் சாகவேண்டும். பாதுகாப்பு என்று நாம் சொல்வதில் பாதி, ஆபத்தைக் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்கு மாற்றி வைப்பதுதானோ என்னவோ. கடைசியில் சாதாக் கெண்டை என்று முடிவு செய்திருக்கிறேன். ஆயிரம் லிட்டருக்கு 20 கிலோ மீன் வரை போகலாம் என்கிறது கையேடு. நான் எட்டு கிலோவில் நிறுத்திக்கொள்கிறேன். கீரை குறையும். கரண்ட் போனால் கிடைக்கும் அவகாசம் கூடும். பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்பு ஒன்றும் வாங்கியாகிவிட்டது.

ஸ்ப்ரெட்ஷீட்டில் கடைசி நிரல் 'அறுவடை'. கீரைக்கும் மீனுக்கும் அதே சொல்தான். அம்மா அதைப் பார்த்துவிட்டு, "மீன யாரு அறுக்கறது?" என்றார்.

"உக்கடம் மார்க்கெட்ல குடுத்தா வெட்டித் தருவாங்கம்மா."

"சோறு போட்டு வளத்தறது நீ, வெட்டறது அவிங்களா? அதெல்லாம் ஆவாது கண்ணு. நீயே வெட்டு. இல்லாட்டி கீரைய மட்டும் தின்னுட்டுக் கம்முனு இரு."

ஐஸ் தண்ணீரில் போட்டு மெதுவாகச் சாகவிடுவதைவிட, தலையில் ஒரே அடியாக அடித்து உணர்விழக்கச் செய்வதுதான் மீனுக்கு நல்லது என்று விலங்குநல வழிகாட்டிகள் சொல்கின்றன. அடி சரியான இடத்தில் விழவேண்டும், கண்ணுக்குச் சற்றுப் பின்னால், மேலே. மார்க்கெட்டில் ஒரு அக்கா விராலைக் கத்தியின் பின்பக்கத்தால் அப்படித்தான் அடிக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை அரைமணி நேரம் நின்று பார்த்தேன். அவர் கை ஒரு தடவைகூட இரண்டாவது அடிக்குப் போகவில்லை. "கத்துக்கணுமா தம்பி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். அடுத்த வாரம் வெள்ளெனவே வரச் சொல்லியிருக்கிறார்.