பேசாத வீடு

"சாப்பாடு ஆறுதெண்டு அப்பாட்டைச் சொல்லு."

"எனக்குப் பசியில்லை எண்டு அம்மாட்டைச் சொல்லு."

அன்பார்ந்த சகோதரரே, சகோதரிகளே! அடுக்களைக்கும் விறாந்தைக்கும் இடையே பத்தடி தூரந்தான். அந்தப் பத்தடிக்கு ஒரு பிள்ளை தபாற்காரனாக ஓடித்திரிகிறது. இந்தக் காட்சி நமக்குப் புதியதன்று. "சண்டை சச்சரவில்லாத குடும்பம்" என்று அயலவர் மெச்சுவர். அந்த வீட்டிலே சத்தமில்லை, உண்மைதான். ஆனால் சமாதானமும் இல்லை.

விவாகம் எதனால் உண்டாகிறது? தாலியாலா, பந்தலாலா, சீதனத்தாலா? இந்தத் திருவருட்சாதனத்தை வழங்குபவர் குருவானவர் அல்லர்; மணமக்களே ஒருவருக்கொருவர் வழங்குகின்றனர் என்பது நமது இலத்தீன் திருச்சபையின் போதனை. இருவரின் சம்மதமே விவாகத்தை உண்டாக்குகிறது என்று 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பும் கூறுகிறது. அந்தச் சம்மதத்தைப் பலிபீடத்தின் முன் நாம் வாய்திறந்து சொன்னோம். வார்த்தையால் பிறந்த உறவு, வார்த்தையின்றி எப்படி வாழும்?

அமெரிக்க உளவியலாளர் ஜோன் கொட்மன் பல ஆண்டுகளாகத் தம்பதிகளின் உரையாடல்களை அவதானித்தவர். குடும்பத்தைக் குலைப்பவை என்று அவர் நான்கைக் குறிப்பிடுகிறார்: ஆளையே குறைசொல்லுதல், இகழ்தல், தன் பிழையை ஒப்பாது சாட்டுச் சொல்லுதல், மதிற்சுவர்போல் பேசாதிருத்தல். தம்பதிகளின் பிணக்குகளிற் பெரும்பாலானவை ஒருபோதும் முற்றாகத் தீர்வதில்லை என்றும் அவர் கண்டார். ஆகவே, பிணக்கே இல்லாமையால் வருவதன்று இல்லற மகிழ்ச்சி. பிணக்கின் நடுவிலும் ஒருவரோடொருவர் எப்படிப் பேசுகிறோம் என்பதிலேயே அது தங்கியுள்ளது.

பிரான்ஸ் தேசத்து அலன்சோன் நகரில் 1858ஆம் ஆண்டு மணம் முடித்த லூயி மாட்டின், செலி தம்பதியரைப் பாருங்கள். சிறுமலர் தெரேசம்மாளின் பெற்றோர் இவர்களே. கணவர் கடிகார வேலை செய்பவர். மனைவி பின்னல் சரிகைத் தொழில் நடத்தியவர். ஒன்பது பிள்ளைகளில் நால்வரைச் சிறுவயதிலேயே அடக்கஞ் செய்தனர். துக்கம் வாயை அடைக்கக்கூடிய வீடு அது. ஆனால் செலி எழுதிய 200க்கும் மேற்பட்ட கடிதங்கள் இன்றும் உள்ளன. வேலைக் களைப்பு, பிள்ளைகளின் நோய், நெஞ்சின் பாரம் எதையும் அவர் தம் சொந்தங்களுக்கு ஒளிக்கவில்லை. லூயியோ 1870இல் தமது கடிகாரக் கடையைக் கைவிட்டு, மனைவியின் தொழிலுக்குத் தோள்கொடுத்தார். 2015 ஒக்டோபர் 18இல் பாப்பரசர் பிரான்சிஸ் இவ்விருவரையும் ஒன்றாகவே புனிதர்களாக உயர்த்தினார். தம்பதியராக ஒருங்கே புனிதர் நிலை பெற்றவர்களில் இவர்களே முதல்வர்.

அதே பாப்பரசர், குடும்பங்களுக்கு மூன்று சொற்களை ஓயாது நினைவூட்டி வந்தார்: அனுமதி கேட்டல், நன்றி கூறல், மன்னிப்புக் கேட்டல். சமாதானம் செய்யாமல் நாளை முடிக்கவேண்டாம் என்றும் புத்தி சொன்னார். அந்நியரிடம் நாம் தாராளமாகச் சொல்லும் இச்சொற்கள், சொந்த மனைவியிடம், சொந்தக் கணவரிடம் மட்டும் தொண்டையிற் சிக்குவதேன்?

"நான் ஏன் முதலிற் பேசவேண்டும்? பிழை அவரிலேதானே!" என்பீர்கள். நாம் பாவிகளாய் இருக்கையிலேயே இறைவன் நம்மைத் தேடி வந்தார். நாம் முதலிற் பேசட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. முதலிற் பேசுபவர் தோற்றவர் அல்லர். ஆண்டவரின் வழியில் நடப்பவர்.

ஒன்றை மறக்கலாகாது. அடி உதைக்கு அஞ்சி வாய்மூடியிருக்கும் சகோதரிக்கு இந்தப் புத்திமதி பொருந்தாது. அவளுக்கு முதலில் வேண்டியது பாதுகாப்பு. அதைத் தேடுவது பாவமன்று.

கானாவூர்க் கலியாண வீட்டில் இரசம் முடிந்தபோது தேவமாதா என்ன செய்தார்? குறையை மறைக்கவில்லை, வீட்டாரைப் பழிக்கவுமில்லை. சொல்லவேண்டியவரிடம் சொன்னார். அந்தச் சொல்லின் பின்னரே தண்ணீர் இரசமாயிற்று.

உங்கள் வீட்டிலும் இரசம் முடிந்திருக்கலாம். இன்றிரவு பிள்ளையைத் தூது அனுப்பாதீர்கள். அந்தப் பத்தடியை நீங்களே நடந்துபோய், "சாப்பிட்டீங்களோ?" என்று கேளுங்கள். மிகுதியை ஆண்டவர் பார்த்துக்கொள்வார்.