தெரியாதவரிடம் வாங்கிய தபால்தலை



சென்ற மாதம் ஒரு ஞாயிறன்று இரண்டாம் பூசை முடிந்து நான் வெளியே வந்தபோது, நம் பங்கைச் சேர்ந்த இளைஞன் ஒருவன் கோயில் படியருகே காத்திருந்தான். கையில் ஒரு பெரிய ஆல்பம். "சாமி, ஒரு விஷயம் கேட்கணும். பாவமா இல்லையான்னு மட்டும் சொல்லுங்க" என்றான். இது பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டதன்று. வேப்ப மரத்தடியில் நின்று கேட்டது. இதைப் பத்திரிகையில் எழுத அவனே சம்மதமும் தந்திருக்கிறான். ஆகவே யாரும் பயப்பட வேண்டாம்.

அவன் சிறு வயது முதல் தபால்தலை சேர்ப்பவன். மரக்காணம் பக்கத்துக் கிராமமொன்றில் உறவினர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருக்கிறான். அடுத்த வீட்டில் ஒரு விதவைத் தாய்; வயது எண்பதை நெருங்குகிறது. அவர் தம் டிரங்குப் பெட்டியிலிருந்து மாமனார் எழுதிய பதினான்கு கடிதங்களை எடுத்துக் காட்டி, "இதுக்கு ஏதாச்சும் வருமா தம்பி?" என்று கேட்டிருக்கிறார். மாமனார் புதுச்சேரி மில்லில் கணக்கெழுதியவர். "பழைய காகிதந்தானே ஆயா, முந்நூறு ரூபாய் தர்றேன்" என்று இவன் சொல்ல, அவர் சந்தோஷமாகக் கொடுத்துவிட்டார்.

அந்த உறைகளில் ஒட்டியிருந்தது என்னவென்று அந்தத் தாய்க்குத் தெரியாது. இவனுக்குத் தெரியும்.

இளையோருக்காகச் சிறிது சரித்திரம் சொல்ல வேண்டும். 1954 நவம்பர் 1 வரை புதுச்சேரி பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் இருந்தது. நம் ஊர்ப்பக்கமெல்லாம் ஆங்கிலேயர் சீமை. ஆகவே அங்கிருந்து மரக்காணத்துக்கு வந்த ஒரு கடிதம்கூட அயல்நாட்டுக் கடிதமே. பிரெஞ்சிந்தியாவுக்கென்று 1892 முதல் தனித் தபால்தலைகள் வெளிவந்தன. 1923 முதல் அவற்றில் விலை 'ஃபனோன்', 'காஷ்' என்று அச்சாயிற்று. நம்முடைய பணமும் காசுந்தான் பிரெஞ்சு வாயில் அப்படி ஆயின. எட்டு ஃபனோன் ஒரு ரூபாய், இருபத்துநான்கு காஷ் ஒரு ஃபனோன். 1940-ல் பிரான்சு ஜெர்மனியிடம் வீழ்ந்தபோது, புதுச்சேரி ஆட்சி தெகோல் தளபதியின் பக்கம் நின்றது. 1941 முதல், இருந்த தபால்தலைகளின் மேலேயே 'சுதந்திர பிரான்சு' என்று பொருள்படும் இரண்டு பிரெஞ்சுச் சொற்களை அடித்து வெளியிட்டார்கள். அவற்றில் சில வகைகள் மிகக் குறைந்த எண்ணிக்கையிலேயே அச்சாயின. அந்த விதவைத் தாயின் கட்டில் அப்படிப்பட்டவை இரண்டு இருந்தனவாம்.

"நான் பொய் சொல்லலையே சாமி? பழைய காகிதந்தானே? அவங்க விலையே சொல்லல. நான் கொடுத்தேன், வாங்கிக்கிட்டாங்க" என்றான்.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அபூர்வப் பொருள்களைச் சேர்ப்பது வீண் ஆசை என்று சிலர் அலுத்துக்கொள்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அமெரிக்காவில் பேஸ்பால் என்றொரு விளையாட்டு உண்டு. கிரிக்கெட்டைப்போல மட்டையும் பந்துமாக ஆடுவது. அதன் ஆட்டக்காரர் படங்களை அட்டையில் அச்சடித்து, முதலில் சிகரெட் பெட்டிக்குள்ளும் பின்னாளில் பபிள்கம் பொட்டலத்துக்குள்ளும் வைத்து விற்றார்கள். நம் நாட்டிலும் கிரிக்கெட் ஆட்டக்காரர் படம் பபிள்கம்மோடு வந்ததை நாற்பது வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஜெபர்சன் பர்டிக் என்ற ஓர் அமெரிக்கத் தொழிலாளி இத்தகைய அட்டைகளையும் அச்சுப் படங்களையும் ஆயுள் முழுவதும் சேர்த்தார். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட அந்தச் சேகரத்தை நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கே கொடுத்துவிட்டார். மூட்டு வாதத்தால் விரல்கள் மடங்கிப்போன நிலையில் வருஷக்கணக்காக அங்கே போய், ஒவ்வொன்றாகத் தம் கையாலேயே ஆல்பங்களில் ஒட்டினார். 1963 ஜனவரியில் வேலையை முடித்தார்; மார்ச்சில் மரித்தார். குப்பையில் போகவிருந்ததைக் காத்துக் கொடுப்பதும் ஒரு தர்மமே.

ஆனால் அதே அட்டை உலகத்தில் வேறொன்றும் நடக்கிறது. 1909 முதல் 1911 வரை ஒரு புகையிலைக் கம்பெனி வெளியிட்ட வரிசையில் ஹோனஸ் வாக்னர் என்ற ஆட்டக்காரரின் படம் சீக்கிரமே நிறுத்தப்பட்டதால், சொற்ப அட்டைகளே மிஞ்சின. அவற்றில் ஒன்று 2022-ல் 72 லட்சம் டாலருக்கு மேல் விலைபோயிற்று. ஓர் உள்ளங்கைக்குள் அடங்கும் அட்டை! இப்படிப்பட்ட பொருளில் விலை முழுவதும் அறிவிலேயே இருக்கிறது. நெல்லின் விலை எல்லாருக்கும் தெரியும், மாட்டின் பல்லைப் பார்க்க நாலு பேர் உண்டு. தபால்தலையின் விலையோ தெரிந்தவனுக்கே தெரியும். ஆகையால் தெரியாதவர் இங்கே குருடர்போல் நிற்கிறார்.

1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தில் ஒரு வழக்கு நடந்தது. ஒரு கடையில் 1,200 டாலர் என்று விலை குறித்திருந்த பேஸ்பால் அட்டையை, அனுபவமில்லாத விற்பனையாள் 12 டாலர் என்று படித்து ஒரு சிறுவனுக்கு விற்றுவிட்டார். அவனோ ஆயிரக்கணக்கான அட்டைகள் சேர்த்தவன். கடைக்காரர் நீதிமன்றம் போனார். தீர்ப்பு வருமுன் இரு தரத்தாரும் இணங்கி, அட்டையை ஏலம் விட்டுப் பணத்தைத் தர்மத்துக்குக் கொடுத்தார்கள். அங்கே தவறு செய்தது கடை. விலை தெரிந்திருக்க வேண்டியது கடைக்காரரின் தொழில். நம் விஷயத்தில் எதிரே நின்றவரோ எழுத்து வாசிக்கத் தெரியாத ஒரு தாய். அதுவும் வாய்விட்டுக் கேட்டவர்.

அர்ச். தோமாஸ் அக்குவீனாஸ் தமது வேதசாஸ்திரப் பெருநூலில் இதையே விசாரிக்கிறார். ஒருவன் தன்னிடமுள்ளது பொன் என்று அறியாமல் செம்பென்று நினைத்து விற்கிறான். அது பொன்னென்று தெரிந்தே ஒருவன் வாங்குகிறான். அந்தக் கிரயம் அநியாயம், வாங்கினவன் ஈடு செய்யக் கடமைப்பட்டவன் என்பதே அவர் தீர்ப்பு. குருமடத்தில் இதைப் படித்தபோது, இந்தக் காலத்தில் யார் பொன்னைச் செம்பென்று விற்கப்போகிறார்கள் என்று நாங்கள் சிரித்தோம்.

அதற்காக வியாபாரி தனக்குத் தெரிந்ததையெல்லாம் தமுக்கடித்துச் சொல்ல வேண்டுமென்று அவர் விதிக்கவில்லை. ஐப்பசி மழை சீக்கிரம் இறங்கும், உப்புப் பாத்திகள் ஓயும், விலை ஏறும் என்று கணித்து இன்றே உப்பு வாங்கி வைக்கிறவன், இன்றைய நியாய விலையைக் கொடுத்தால் அநீதி செய்தவனல்லன். சொல்லிவிட்டு வாங்கினால் அது உயர்ந்த புண்ணியம். நாளைய விலை ஒருவருக்கும் உறுதியில்லை. ஆனால் மூட்டைக்குள் இருப்பது என்ன என்பது வேறு விஷயம். மூட்டை கட்டிய உப்பளத்தாரிடம் "இது வெறும் மண்" என்று சொல்லி வாங்க முடியுமா?

இளைஞன் ஞானோபதேச வகுப்பில் கவனமாக இருந்தவன்போலும். "நிலத்தில் புதையலைக் கண்டவன் அதை மறைச்சு வெச்சுட்டு நிலத்தை வாங்கினானே சாமி? சேசுநாதரே அவனைப் புகழ்ந்தாரே?" என்றான். எனக்குக் கொஞ்சம் திகைப்பாகவே இருந்தது. இந்தக் கேள்வி நியாயமானது; வேதபாரகர்களும் இதில் தடுமாறியதுண்டு. நான் சொன்னது இதுதான்: ஆண்டவர் தமது வருகையைத் திருடன் வருவதற்கும் ஒப்பிட்டார், திருட்டைப் புகழவில்லை. புதையல் உவமையில் அவர் காட்டியது அந்த மனிதனின் மறைவையன்று. தனக்குண்டான யாவற்றையும் விற்ற அவனுடைய சந்தோஷத்தை. நீ எதை விற்றாய் தம்பி?

அவன் பதில் பேசவில்லை.

பிறகு அர்ச். அகுஸ்தீன் சொல்லும் ஒரு மனிதரைப்பற்றிச் சொன்னேன். விலை கொடுத்து மலிவாய் வாங்கவே எல்லாரும் விரும்புவார்கள் என்று ஒரு கூத்தாடி சொன்னானாம். அது உண்மையல்ல என்பதற்கு அகுஸ்தீன் தமக்குத் தெரிந்த ஒருவரைச் சாட்சி காட்டுகிறார். அவரிடம் ஒரு கையெழுத்துப் புத்தகம் விற்பனைக்கு வந்தது. விற்றவன் அதன் மதிப்பறியாமல் சொற்பத் தொகை கேட்டான். வாங்கினவர் அவன் எதிர்பாராத அளவுக்கு, அதன் நியாய விலையையே கொடுத்தார். அவரும் சேகரம் செய்கிறவராகவே இருந்திருப்பார் என்று எனக்கு ஒரு நினைப்பு.

"அப்படின்னா நான் பத்து வருஷம் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டதுக்கு மதிப்பே இல்லையா?" என்று கேட்டான். உண்டு. அவன் கண் இல்லாவிட்டால் அந்தக் கட்டு ஒருநாள் அடுப்புக்குப் போயிருக்கும். உழைப்புக்குக் கூலி உண்டு. ஆனால் கூலியை அந்த அம்மாளிடம் வெளிச்சத்தில் பேசி வாங்க வேண்டும். அவருடைய இருட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாகாது. "ஏதாச்சும் வருமா?" என்று கேட்டவரிடம் "பழைய காகிதம்" என்று சொன்ன பதிலில் எழுத்தளவில் பொய்யில்லை, ஆனால் அவன் நினைத்ததை அது மறைத்தது. அதை அவனே அறிவான். இல்லாவிட்டால் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு வேப்ப மரத்தடிக்கு ஏன் வருகிறான்?

அடுத்த ஞாயிறு அவனைப் பூசையில் காணவில்லை. கோபித்துக்கொண்டான் என்றே நினைத்தேன். திங்கட்கிழமை வந்து விஷயத்தைச் சொன்னான். மரக்காணம் போய் உண்மையைச் சொல்லியிருக்கிறான். அந்தத் தாய் முதலில் நம்பவில்லை, பிறகு பயந்துவிட்டார். பாதிக்குப் பாதி என்று அவரே சொல்ல, இவன் அவருக்கு இரண்டு பங்கு, தனக்கு ஒரு பங்கு என்று எழுதிக் கொடுத்திருக்கிறான்.

அதன்பின் அவர் கேட்டாராம்: "அது கெடக்கட்டும், உள்ள இருந்த கடுதாசி எங்க?"

உறைகளை மட்டும் ஆல்பத்தில் வைத்துவிட்டு, கடிதங்களை இவன் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டிருந்தான். நல்ல வேளையாகப் பையைக் கொண்டுபோயிருந்தான். அவர் வாசிக்கச் சொன்னார். திண்ணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக வாசித்தான். மூன்றாவது கடிதத்தில், குழந்தைக்கு அம்மை இறங்கிவிட்டதா என்று மாமனார் கேட்டிருந்தார். அந்தக் குழந்தைதான் பின்னாளில் இவருடைய கணவர். அந்த இடத்தை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாராம். பதினான்கும் முடிவதற்குள் இருட்டிவிட்டது. கடைசி பஸ்ஸும் போய்விட்டது. அன்றிரவு அங்கேயே சாப்பிட்டுப் படுத்துவிட்டு, விடியற்காலையில்தான் ஊர் திரும்பினான்.