உழைச்செல்வானின் அறம்: எல்லைப்புற அவசர மருத்துவத்தில் நெறிமுறையும் அறிவும்

முன்னுரை

நோயாளியை எங்கே, எவ்வாறு கொண்டுசெல்வது என்பதில் எழுதப்பட்ட நெறிமுறையும் உடனிருக்கும் மருத்துவ உதவியாளரின் அறிவும் மாறுபடுமாயின் எதனைக் கொள்வது என்பது அறவியல் வினாவாகும். தமிழகத்தில் 2008ஆம் ஆண்டிலும், கேரளத்தில் மாநிலம் தழுவிய நிலையில் 2019ஆம் ஆண்டிலும் தொடங்கப்பெற்ற 108 அவசர ஊர்திச் சேவைகள் இவ்வினாவை அன்றாட வாழ்வுக்குக் கொணர்ந்துள்ளன. பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் தமிழக எல்லைப் பகுதிகளை முன்வைத்து இக்கட்டுரை அதனை ஆராய்கிறது.

எல்லையும் வழியும்

பரம்பிக்குளம் பாலக்காடு மாவட்டத்தைச் சேர்ந்தது. ஆயினும், அங்கு வாழும் காடர், மலசர் முதலிய பழங்குடியினர் வெளியே வரும் வழக்கமான சாலை டாப்சிலிப், சேத்துமடை வழியாகத் தமிழகத்திற்குள் இறங்குகிறது. இடுக்கி மாவட்டத்து மறையூரிலிருந்து ஒருபுறம் மூணாறும், சின்னாறு கடந்து மறுபுறம் உடுமலைப்பேட்டையும் ஏறத்தாழ 40 கி.மீ. தொலைவில் உள்ளன. இரு மாநிலச் சேவைகளோ தனித்தனி நிர்வாகத்தின்கீழ் இயங்குபவை. எனவே, தன் மாநில மருத்துவமனையா, விரைந்து அடையத்தக்க மருத்துவமனையா என்னும் ஐயம் இங்கு இயல்பாக எழுகிறது.

ஐயம் எழின் கட்டுப்பாட்டு மையத்து மருத்துவரைத் தொலைபேசியில் வினவுதல் 108 சேவையின் நடைமுறை. ஆனால், மலைப்பகுதியில் அத்தொடர்பு உறுதியன்று. 2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் 70 உயிர்களைக் கொண்ட நிலச்சரிவின் செய்தி மறுநாளே வெளியுலகை எட்டியது. வினவ வழியற்ற இடத்தில் உதவியாளர் தாமே முடிவெடுக்க நேர்கிறது.

நெறிமுறையின் நியாயம்

இதனால் நெறிமுறை வேண்டா என்பது பெறப்படாது. 2017 ஆகஸ்டில் கொல்லம் மாவட்டத்தில் விபத்துற்ற தமிழகத் தொழிலாளி ஒருவர் மருத்துவமனைகள் பலவற்றிற்கு ஊர்தியில் கொண்டுசெல்லப்பட்டும் சிகிச்சை பெறாமலே உயிர்நீத்தார். கேரள முதலமைச்சர் சட்டமன்றத்தில் அவர் குடும்பத்தாரிடம் மன்னிப்புக் கோரினார். ஏற்பதும் மறுப்பதும் அவரவர் விருப்பில் விடப்படுமாயின், கேட்பாரற்ற ஏழையும் அயலாரும் முதலில் கைவிடப்படுவர். நெறிமுறை அத்தகையோர்க்கு அரண். உரிய நேரத்தில் அவசர சிகிச்சை அளிக்கத் தவறுதல் வாழ்வுரிமையை மீறுவதாகும் என 1996இல் மேற்கு வங்க வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. படுக்கை உள்ள மருத்துவமனைக்கு நோயாளியை உடனே அனுப்புதற்கான தகவல் தொடர்பமைப்பையும் வலியுறுத்தியது.

குறள் காட்டும் நெறி

திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயாளி, மருத்துவன், மருந்து, உழைச்செல்வான் என மருத்துவத்தின் நாற்கூறுகளைச் சுட்டி நிறைவுறுகிறது. அதற்கு முந்தைய குறள் நோயாளியின் நிலை, நோயின் அளவு, பொழுது ஆகியவற்றை எண்ணிச் செயற்படுமாறு கற்றவனைப் பணிக்கிறது. எண்ணும் உரிமை கற்றவனுக்கே உரியது என்பது கருதத்தக்கது. பரிமேலழகர் உழைச்செல்வானுக்கு உரியனவாக அன்பு, தூய்மை, சொல்லியவாறே செய்யும் திறம், அறிவு ஆகிய நான்கனையும் கூறுவார். பணிதலும் அறிதலும் இங்கு ஒருவனிடத்தேயே வேண்டப்படுகின்றன. சொல்லியவாறே செய்தல் ஒன்றே போதுமாயின் அறிவைத் தனியே கூற வேண்டியதில்லை. அறிவு ஒன்றே போதுமாயின் பணிதலைக் கூற வேண்டியதில்லை.

மருத்துவன் உடனில்லாத மலைப்பாதையில் கற்றவனின் கடமையும் உழைச்செல்வான்மேல் வந்து சேர்கிறது. அருகிலுள்ளது என்பதாலேயே ஒரு மருத்துவமனை தக்கதாகிவிடாது. அறுவை மருத்துவரும் குருதியும் இல்லாத இடத்திற்கு மிகுந்த குருதிப்போக்குடைய தாயைக் கொண்டுசேர்த்தல் விதிக்கு இணங்கலாம்; உயிரைக் காவாது.

முடிவுரை

விதியினின்று விலகுதல் மூன்று நிலைகளில் அறமாகும். விலகுபவர் அவ்விதியை முற்றக் கற்றவராதல் வேண்டும். விதி எந்நோக்கத்திற்காக இயற்றப்பட்டதோ அதனையே விலகலும் நிறைவேற்றல் வேண்டும். விலகியமைக்கான காரணத்தை எழுத்தில் பதிந்து விடையளிக்க அவர் அணியமாதல் வேண்டும். ஆயினும், ஒவ்வோர் இரவும் ஒரு தனிமனிதரின் துணிவை நம்பி உயிர்களை விடுதல் அரசுக்கு அறமன்று. எல்லை கடத்தலையும் ஏற்றுக்கொள்ளுதலையும் இரு மாநிலங்களும் முன்னரே எழுத்தில் உடன்படுதல் வேண்டும். அறிவுக்கு இடமளிக்கும் நெறிமுறையே நிறைவான நெறிமுறை என்பது இவ்வாய்வின் முடிபாகும்.