ஈரம் ஏறிய உடைமை

கார் ஷெட்டில் அட்டைப்பெட்டிகளை அடுக்குபவர் பொருளைக் காப்பதாகவே நம்புகிறார். ஆனால் கான்கிரீட் தரை மண்ணின் ஈரத்தை உறிஞ்சுகிறது. அடிப்பெட்டி நமுத்துப்போய், உள்ளிருக்கும் பழைய சேலை மடிப்பில் கரும்புள்ளி படர்கிறது. திறந்தே பார்க்காத பொருள் நம் உடைமையா? கவனிப்பு நின்றால் உரிமையும் தேய்கிறது என்பேன். விவிலியத்தின் லேவியர் நூல், 14ஆம் அதிகாரம், சுவரில் பூசணம் தோன்றினால் குரு பார்வையிட வருமுன் வீட்டைக் காலிசெய்யச் சொல்கிறது. உள்ளிருப்பவை தீட்டாகிவிடக் கூடாதாம். யூதர்களின் சட்டத் தொகுப்பான மிஷ்னா அந்த அக்கறையை மலிவான மண்பாண்டம்வரை நீட்டுகிறது.

அது சடங்குத் தீட்டு, சுகாதாரமல்ல என்பார்கள். உண்மைதான், ஆனாலும் பொருளை வெளியே எடுத்துப் பார்க்கும் கடமை அதில் உண்டு. நாளைக்கென்று சேமிப்பது விவேகமல்லவா? விவேகமே, தரையிலிருந்து உயர்த்தி, சுவரைவிட்டுத் தள்ளி, காற்றோட வைத்தால். அதற்கு மனமில்லையென்றால், அந்தச் சேலை கறைபடுமுன் உடுத்துபவர் கைக்குப் போகட்டும்.