விரலில் கறுக்கும் வெள்ளி

ஓட்டுப் போட்டதும் விரலில் ஊதாவாகத் தெரியும் மை, வீடு திரும்புவதற்குள் கறுத்துவிடுகிறது. சோப்பு போட்டுத் தேய்த்தாலும் போகாது. நகம் வளர்ந்துதான் விலக வேண்டும். 1962 பொதுத்தேர்தல் முதல் மைசூரில் தயாராகிவரும் அந்த மைக்கு உயிர், சில்வர் நைட்ரேட் என்னும் வெள்ளி உப்பு.

வெள்ளியை நைட்ரிக் அமிலத்தில் கரைத்துப் பெறும் நிறமற்ற படிகம் இது. தண்ணீரில் தாராளமாகக் கரையும். கரைந்ததும் அதன் வெள்ளி அயனி, குளோரைடு எங்கே இருந்தாலும் பிடித்துக்கொள்ளும். நம் தோலில் வியர்வையின் உப்பு இருக்கிறதே, அது போதும். நீரில் கரையாத சில்வர் குளோரைடு உண்டாகித் தோலின் மேலடுக்கில் தங்குகிறது. வெளிச்சம் பட்டதும் அது சிதைந்து மறுபடி வெள்ளியாகிறது. பளபளக்கும் உலோகம்தான், ஆனால் நுண்துகளாக இருப்பதால் கறுப்பாகத் தெரிகிறது. சில்வர் நைட்ரேட்டைப் பழுப்புப் புட்டியில் வைப்பதும் வெளிச்சத்துக்குப் பயந்துதான்.

பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் 'தயிர் போன்ற வெண்ணிற வீழ்படிவு' என்று எழுதியவர்கள் பார்த்தது இந்தச் சில்வர் குளோரைடைத்தான். கிணற்று நீரின் குளோரைடை அளப்பதும் இப்படியே. நீரில் கொஞ்சம் பொட்டாசியம் குரோமேட் சேர்த்து, சில்வர் நைட்ரேட்டைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள். குளோரைடு தீர்ந்த மறுசொட்டில் செங்கல் நிறம் தலைகாட்டும்.

வெள்ளி அயனி புரதத்தையும் விடாது. கிருமியின் புரதங்களில் கந்தகம் உள்ள இடங்களில் ஒட்டி அவற்றை முடக்கிவிடும். இதன் அருமையை உணர 19ஆம் நூற்றாண்டுப் பிரசவ விடுதிகளை நினைத்துப் பார்க்க வேண்டும். தாய்க்குக் கொனோரியா என்னும் வெட்டை நோய் இருந்தால், பிறக்கும்போதே குழந்தையின் கண்ணில் அந்தக் கிருமி தொற்றும். கண் சீழ்பிடிக்கும், பல குழந்தைகளுக்குப் பார்வையே போனது. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் மகப்பேறு மருத்துவர் கார்ல் கிரேடே, 1880இல், பிறந்த குழந்தையின் ஒவ்வொரு கண்ணிலும் 2 சதவீதக் கரைசலில் ஒரு சொட்டு விடத் தொடங்கினார். அதுவரை நூற்றுக்குப் பத்துக் குழந்தைகளைத் தாக்கிய நோய், ஒன்றுக்கும் கீழே இறங்கியது. ஒரு சொட்டில் இத்தனை கண்கள் பிழைத்ததை எண்ணும்போது எனக்கு இன்றும் நெஞ்சு நெகிழ்கிறது.

சொட்டு கண்ணை உறுத்திச் சிவக்க வைத்தது உண்மை. அதனால் பின்னாளில் எரித்ரோமைசின் களிம்பு அந்த இடத்துக்கு வந்தது. ஆனாலும் மருந்து ஆழமாக இறங்கிப் பெருந்தீங்கு செய்யாமல் தடுத்தது கண்ணீரின் உப்பு. அதிலுள்ள குளோரைடு வெள்ளியை மேற்பரப்பிலேயே வீழ்படிவாக்கிவிட்டது.

மூக்கில் ரத்தம் கசியும் நாளத்தை அடைக்கவும், தொப்புள்கொடி விழுந்த இடத்தில் வளரும் சதையைச் சுடவும் சில்வர் நைட்ரேட் குச்சி இன்றும் பயனாகிறது. சுட்டது போதும் என்றால் உப்புநீரில் நனைத்த பஞ்சால் ஒற்றுகிறார்கள். சோதனைக் குழாயில் விழுந்த அதே தயிர் அங்கும் படிய, மருந்து அத்தோடு நின்றுவிடுகிறது.